‘பூட்டிய மாடி’யைப் பற்றி என் தம்பி

மார்ச் 4

மதிப்பிற்குரிய ‘நேயர் பார்வை’ தொகுப்பாளர் அவர்களுக்கு,

இப்படித் தொடங்கியதற்காக அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். இது அக்காவுக்கு எழுதுகிற கடிதமே இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் நேயர் கடிதங்களை வாசிக்கிற தொகுப்பாளர் அம்மாவுக்கு எழுதுகிறேன், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்றாலும். அக்காவுக்கு எழுத வேண்டியது தனியாக இருக்கிறது; அதற்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஞாயிறு மத்தியானம், உங்கள் சேனலுக்கென்றே எடுத்த ‘பூட்டிய மாடி’ படத்தைப் பார்த்தேன். நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு டிவி இருக்கிறது. மத்தியானத்துக்குள் அடுப்பு வேலை ஓய்ந்துவிடும். அடுப்பு மாஸ்டர், கேக்குக்கு க்ரீம் பூசுகிற கேக் அக்கா, வண்டி ஓட்டுகிற அண்ணன், நான். ஞாயிற்றுக்கிழமைப் படத்தை நாங்கள் தவறவிட மாட்டோம். மூன்று கிழவர்கள் லிஃப்டில் மாட்டிக்கொள்கிற படம் போட்டீர்களே, அதைப் பார்த்துச் சிரித்ததில் மாஸ்டருக்குப் புரையேறி, நாங்கள் எல்லோரும் அவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. சின்ன செலவில் எடுத்த படங்கள்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து பார்க்க நன்றாக இருக்கும்.

‘பூட்டிய மாடி’ அப்படி இல்லை. மனநல மருத்துவமனையிலிருந்து ஒருவன் வீடு திரும்புகிறான். அண்ணன் அவனை மாடியறையில் தங்க வைக்கிறார். அவன் வாசலில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து வயலின் அலறத் தொடங்குகிறது. தண்ணீர் குடித்தாலும் வயலின், செருப்பைக் கழற்றினாலும் வயலின். மாத்திரையைப் பூந்தொட்டியில் துப்புகிறான். காரணமில்லாமல் சிரிக்கிறான். கடைசியில் கத்தியோடு குழந்தையின் அறைக்குப் போகிறான், மாடியிலிருந்து விழுந்து சாகிறான். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். படம் முடிந்தது.

எனக்கும் அவனுக்கு வந்த அதே நோய்தான். மனச்சிதைவு. எனக்கும் குரல்கள் கேட்டன. ஒரு குரல் என் சட்டையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொன்று, தெருவில் எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கோள் மூட்டியது. நான் யாரையும் பயமுறுத்தவில்லை. பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

ஒரே ஒரு இடம் உண்மையாக இருந்தது. அந்த நடிகர் டீ கிளாஸை எடுக்கும்போது கை லேசாக நடுங்குகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அப்படி நடுங்கும். யாரைப் பார்த்து அதைப் பழகினாரோ, அவருக்கு என் வணக்கம். அந்தக் கையை வைத்தே நல்ல படம் எடுத்திருக்கலாம்.

படம் முடிந்ததும் எங்கள் மாஸ்டர், “இந்த மாதிரி ஆளுங்கள வெளியவே விடக் கூடாதுப்பா” என்றார். சொல்லிவிட்டு, “அந்த பன்ன இப்படித் தள்ளு” என்று என்னிடம் கை நீட்டினார். தள்ளினேன். அவருக்கு என் நோயைப் பற்றித் தெரியாது.

இந்தக் கடிதத்தை நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டும். ‘பெயர் சொல்ல விரும்பாத நேயர்’ என்று வாசிக்கக் கூடாது. ‘என் தம்பி எழுதியது’ என்று சொல்லி வாசிக்க வேண்டும். முடியாதென்றால் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்


மார்ச் 9

டேய் தம்பி,

நேயராம் நேயர். நேரில் இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து உன்னிடமிருந்து வந்ததெல்லாம் கார்டுகள்தான். “நலம். வேலை இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்.” ஏதோ தந்தி அடிக்கிற மாதிரி. போன் போட்டால் எடுக்க மாட்டாய். ஏன் என்று எழுதிக் கேட்டால், “முகமில்லாத குரல்களோடு பேசினது போதும்” என்று பதில். நானும் சிரித்துத் தொலைத்தேன். இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாய், அதுவும் நிகழ்ச்சிக்கு!

கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். கட்டிலுக்கடியில் நீ உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறாயே, அப்போது சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்திருந்தேன், ஞாபகமிருக்கிறதா? “தனியாப் போய் உன்னால இருக்க முடியாதுடா” என்று நான் சொன்னதற்குத்தானே இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறாய்? சொன்னவளுக்கு வயிற்றில் நெருப்பு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கடிதத்தை வாசிக்கிறேன். ஆனால் ‘ஒரு நேயர்’ என்றுதான் வாசிப்பேன். இதற்கு முன்னால் பார்த்த கிடங்கு வேலையில் என்ன நடந்தது? உன் மாத்திரை டப்பாவை எவனோ பார்த்தான், அடுத்த நாள் உன்னை வேண்டாம் என்றார்கள். இந்த வேலையாவது நிலைக்கட்டும். உன் மாஸ்டர் படத்தைப் பார்த்தே அப்படிச் சொன்னவர். நான் டிவியில் ‘என் தம்பி, ரொட்டிக்கடையில் இருக்கிறான்’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? யோசி.

எனக்கு வெட்கம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அப்படி நினைத்தால் என் முகத்தில் விழிக்காதே.

சாப்பிடுகிறாயா? குளிர் அதிகமா? பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 18

தொகுப்பாளர் அவர்களுக்கு,

வியாழக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்தேன். என் கடிதத்தை வாசிக்கவில்லை. ‘ஒரு நேயர்’ என்றுகூட வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக நீங்கள் வாசித்தது இன்னொருவருடைய கடிதம்: “படம் எங்கள் கண்ணைத் திறந்தது. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு ஆள் இருக்கிறான். இனி பிள்ளைகளை அந்தப் பக்கம் விட மாட்டோம்.” வாசித்து முடித்து, “நன்றி, நல்ல பார்வை” என்றும் சொன்னீர்கள். பொட்டு நேராக இருந்தது, குரல் ஆடவில்லை.

அந்தத் தெருவில் இருக்கும் அந்த ஆளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவன் பாட்டுக்கு எங்கோ நடந்து போய்க்கொண்டிருப்பான்.

இங்கே நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். வண்டி அண்ணன், “பாத்தியா, எல்லா ஊர்லயும் இருக்கானுங்க” என்றார். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை.

“அண்ணே, நானும் அந்த வகைதான்” என்றேன்.

“என்ன வகை?”

“படத்துல வந்தானே, அந்த வகை. எனக்கும் அதே நோய். மாத்திரை சாப்பிடறேன். நல்லா இருக்கேன்.”

நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று மாஸ்டர் சிரித்தார். பிறகு டீ கிளாஸைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மறுநாள் காலையில் ரொட்டி அறுக்கிற கத்தி மேஜையில் இல்லை. மாஸ்டர் அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தப்பா எடுத்துக்காதப்பா, கொஞ்ச நாளைக்கு பேக்கிங்ல இரு” என்றார். இப்போது நாளெல்லாம் பொட்டலத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். யாரும் திட்டவில்லை. யாரும் பக்கத்திலும் உட்காரவில்லை.

கேக் அக்கா மட்டும் டீ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “எங்க மாமாவுக்கும் இருந்துச்சு. செத்துப்போற வரைக்கும் நாங்க யாருகிட்டயும் மூச்சு விடல. நீ என்னடான்னா சட்டுனு போட்டு உடைச்சிட்ட” என்று சொல்லி என் டீயில் தன் டீயையும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனார்.

ஆக, அக்கா பயந்தது நடந்துவிட்டது. வீட்டுக்கு ஓடி வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன். மாத்திரை தவறவில்லை. டாக்டரைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது, கோபம் மட்டும் கொஞ்சம் கூடுதல், அது நோயில்லை என்றார்.

இனி என்னைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. வாசிப்பீர்களா, மாட்டீர்களா?

உங்கள் நேயர்


மார்ச் 23

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுத்த ரயிலைப் பிடித்து வந்து உன் முதலாளியை நாலு வார்த்தை கேட்கலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு உன் முகம் ஞாபகம் வந்தது. பையைத் திரும்பப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

‘எங்கள் தெருவிலும்’ என்று எழுதிய அந்தத் தெருக்காரர் கடிதத்தை என் கையில் திணித்தவர் நிகழ்ச்சி அதிகாரி. உன்னுடையது ஏற்கனவே அடுக்கில் இருந்தது; ஸ்டுடியோவுக்குள் போவதற்கு முன்னால் அவர் அதை உருவி எடுத்துவிட்டார். “நன்றி, நல்ல பார்வை” என்பது நான் எல்லாக் கடிதத்துக்கும் சொல்வது. வாய் பழகிப்போய்விட்டது. அன்றைக்கு அந்த வார்த்தை வாயை விட்டுப் போனபோது நாக்கு கசந்தது. போதுமா?

நேற்று அவர் அறைக்குப் போனேன். அங்கே ‘பூட்டிய மாடி’யின் இயக்குநரும் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று இரண்டு பேர் முன்னாலும் உன் கடிதத்தை வைத்தேன். இயக்குநர் படித்தார். வயலின் வரும் இடத்தில் சிரித்துவிட்டார், பாவம்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா படம்னா கொஞ்சம் திகில் வேணும்ல?”

“யாரைப் பாத்து சார் அந்த ஆளை எழுதினீங்க?”

யோசித்தார். “வேற ஒரு படத்தைப் பாத்துதான்” என்றார். பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் மரியாதை.

“கை நடுங்கறது?”

“அது அந்த நடிகரோட அண்ணனுக்கு அப்படி இருக்குமாம். அவரா செஞ்சது” என்றார். சொல்லிவிட்டு டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அதிகாரிதான் பிடி கொடுக்கவில்லை. “வேணாம்மா, விளம்பரக்காரங்க மூஞ்சியத் தூக்குவாங்க” என்றார். இது என் தம்பி எழுதியது என்றேன். “உங்களுக்குத் தம்பி இருக்காரா?” என்று கேட்டார். பக்கத்து அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிற மனுஷன்! அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று குத்தியது. “அப்படியே வாசிச்சா, அடுத்த வாரம் உங்க நாற்காலியில யார் இருப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது” என்றும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

நிகழ்ச்சி நேரலை. கேமரா என் முகத்தில் இருக்கும்போது யாரும் வந்து என் வாயைப் பொத்த முடியாது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை டிவி முன்னால் இரு. உன் மாஸ்டர், முதலாளி, வண்டி அண்ணன், எல்லோரையும் பிடித்து உட்கார வை.

அக்கா


மார்ச் 29

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

எல்லோரும் இருந்தோம். முதலாளிகூட கல்லாவைச் சாத்திவிட்டு வந்து நின்றார், கேக் அக்கா அவரை அப்படி விரட்டி வரவழைத்திருந்தார். நீ முதல் இரண்டு கடிதத்தை வாசித்தாய். மூன்றாவதை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றினாய். கண்ணாடி இல்லாமல் உனக்கு எழுத்தே தெரியாது என்பது எனக்குத் தெரியும். மனப்பாடம் பண்ணியிருக்கிறாய்!

“அடுத்த கடிதம் என் தம்பி எழுதினது. என்கூடப் பிறந்தவன். அவனுக்கு மனச்சிதைவு நோய் இருக்கு. அவன் ஒரு ரொட்டிக்கடையில வேலை செய்றான். அவன் சுடற ரொட்டிய நான் இன்னும் சாப்பிட்டதில்ல. அவனை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு.”

கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவேயில்லை.

வயலின் வரியில் வண்டி அண்ணன் குபீரென்று சிரித்தார். கட்டிலுக்கடியில் இருந்த வரி வந்ததும் கேக் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு “வெளியவே விடக் கூடாதுப்பா” என்ற வரியை வாசித்தாய். மாஸ்டர் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

“அடேய், அது நான் சொன்னதுடா!”

“ஆமா மாஸ்டர்.”

“டிவில வந்துருச்சேடா!”

“உங்க பேரு வரல மாஸ்டர்.”

“பன்னு கேட்டதையுமா எழுதுவ?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நீ முடிக்கிற வரை அப்படியே இருந்தார். முடித்ததும் எழுந்து போனார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ரொட்டிக் கத்தி. அதை என் முன்னால் பலகையில் வைத்தார்.

“இதை எவன் பூட்டி வெச்சான்? நாளைக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. ஸ்டிக்கர் ஒட்டினது போதும், எந்திரி.”

பூட்டினவர் அவர்தான் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆமாமா, அடுப்புக்கே வந்துரு” என்றார். கேக் அக்கா மாவுக் கையோடு என் தலையைப் பிடித்து ஆட்டினார். மறுநாள் மாஸ்டர் என் பக்கத்திலேயே நின்று மாவு பிசைந்தார். வெகுநேரம் கழித்து, “குரல் கேக்கும்னு எழுதியிருந்தியே, இப்பவும் கேக்குதா?” என்றார். எப்போதாவது, களைத்துப்போனால், என்றேன். “களைப்பா இருந்தா சொல்லு. சொல்லாம இருக்காத” என்றார்.

உன் நாற்காலி என்ன ஆயிற்று? அதைச் சொல் முதலில். எனக்காக வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாயா? அப்படியென்றால் இங்கே வா. உனக்கும் சேர்த்துச் சம்பாதிப்பேன்.

உன் தம்பி


ஏப்ரல் 12

என் தம்பிக்கு,

நாற்காலி அப்படியேதான் இருக்கிறது. அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து நேரே அதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. திங்கட்கிழமை கடித மூட்டைகள் வந்தன. தூக்கி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னம்மா பண்ணினீங்க நீங்க?” என்று கேட்டார். மேஜை கொள்ளவில்லை, தரையெல்லாம் கடிதம். ஒரு கணக்கு வாத்தியார் எழுதுகிறார், பல வருஷமாக மாத்திரை சாப்பிடுவதாகவும் முதல் தடவையாக அதை எழுத்தில் எழுதுவதாகவும். ஒரு அம்மா, தன் மகளை மறைத்து வைத்தது போதும் என்று எழுதியிருக்கிறார். திட்டியும் வந்தன, மறைக்க மாட்டேன். ‘பொழுதுபோக்குப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா’ என்று ஒருவர். அதையும் வாசித்தேன். அவரும் நேயர்தானே.

அந்தத் தெருக்காரரும் எழுதியிருந்தார். பையனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்தாராம். அந்த ஆளுக்குப் பையனைவிட நன்றாகப் பட்டம் விடத் தெரிகிறதாம்.

அதிகாரி இப்போது, “நான்தான் அந்தக் கடிதத்த வாசிக்க விட்டேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

விஷயம் இதுதான். ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி ஒதுக்கியிருக்கிறார்கள். வாத்தியார் வருகிறார், ஒரு டாக்டர் வருகிறார். நீயும் வர வேண்டும். இயக்குநர் அடுத்த படத்தைத் தொடங்குவதற்கு முன்னால் உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமாம். இந்தத் தடவை வேறொரு படத்தைப் பார்த்து எழுத மாட்டாராம்.

அறையைத் தயார் பண்ணிவிட்டேன். ரொட்டி கொண்டு வா.

அக்கா


மே 6

தம்பி,

நீ ரயிலேறி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. எதிரில் இருந்தபோது சொல்ல வரவில்லை.

சிறப்பு நிகழ்ச்சியன்று ஸ்டுடியோவில் அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் எழுந்து, “நீங்க ஆபத்தில்லாதவர்னு நாங்க எப்படி நம்பறது?” என்று கேட்டாரே, எனக்கு ரத்தம் கொதித்தது. மைக்கைப் பிடுங்கி நானே பதில் சொல்ல எழுந்தேவிட்டேன். நீ கையைக் காட்டி உட்கார வைத்தாய்.

“நியாயமான கேள்விதான் சார்” என்றாய். “நீங்க இப்ப என்னைப் பாத்துட்டீங்க. உங்க பேரென்னன்னு எனக்குத் தெரியாது, நீங்க ஆபத்தில்லாதவர்னு நான் நம்பித்தான் எதிர்ல உக்காந்திருக்கேன். அந்த மாதிரி நீங்களும் நம்பிப் பாருங்க.”

அவர்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் கூட்டமே எழுந்து நின்றது. யாருக்காக நிற்கிறார்கள் என்று நீ பின்னால் திரும்பிப் பார்த்தாய் பார், அதை நினைத்து நினைத்து சிரித்து அழுது எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

தனியாக உன்னால் இருக்க முடியாது என்று இனி நான் சொல்லவே மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அதை நிறுத்த முடியாது.

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள அக்கா,

இயக்குநரின் புதுப் படத்தை நேற்று பார்த்தோம். கடையில் இடம் போதவில்லை. முதலாளி டிவியை முன்பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டார். ரொட்டி வாங்க வந்தவர்களும் அப்படியே நின்று பார்த்தார்கள்.

கதாநாயகன் பஸ் கண்டக்டர். அவனுக்கு என் நோய். அது படத்தில் வருகிறது, போகிறது. ஒரு தடவை அவனுக்கு முடியாமல் போகிறது, மருத்துவமனைக்குப் போகிறான், திரும்பி வந்து டிக்கெட் கிழிக்கிறான். மீதி நேரமெல்லாம் தையல்கடைப் பெண்ணிடம் தன் மனசைச் சொல்லத் தவிக்கிறான். டாக்டர் வருகிற காட்சி இன்னும் கொஞ்சம் சுருக்கமாக இருந்திருக்கலாம். இயக்குநரிடம் அப்போதே சொன்னேன், கேட்கவில்லை.

படம் முடிந்தது. மற்றவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும் இவன். இம்புட்டு இழுத்தடிச்சா எவ காத்திருப்பா?” என்றார் வண்டி அண்ணன்.

“அவ காத்திருந்தாளே! உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேக் அக்கா சீறினார்.

“காதல் படத்துல பாட்டே இல்ல, இதெல்லாம் ஒரு படமா?” என்றார் முதலாளி. ஆனால் கல்யாணக் காட்சியில் அவரும் மாஸ்டரும் மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன்.

சண்டை முற்றிவிட்டது. வாடிக்கையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் அப்பாவுக்காக வக்காலத்து வாங்கினார். அரை மணி நேரம் காரசாரமாகப் பேசினோம் அக்கா. கண்டக்டர் கோழை என்றார்கள், கஞ்சன் என்றார்கள், மீசை பொருந்தவில்லை என்றார்கள். அவனுக்கு இருக்கிற நோயைப் பற்றி ஒருத்தர்கூட ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

அது உறைத்ததும் எனக்குக் குபுக்கென்று கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு நானும் சண்டையில் இறங்கினேன். கண்டக்டர் பக்கம் நின்று என்னைப் போலக் கத்தினவன் வேறு யாரும் இல்லை. மாஸ்டர் மேஜையைத் தட்டினார், நான் அதைவிடப் பலமாகத் தட்டினேன். அடுப்பில் இருந்த ரொட்டியை எல்லோரும் மறந்துவிட்டோம். ஒரு தட்டு முழுக்கக் கருகிவிட்டது. முதலாளி ஒரு பேச்சுக்குக்கூடத் திட்டவில்லை. கருகினதைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, “சரி, அவன் கோழையா இல்லையா, இப்ப சொல்லுங்க” என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

உன் தம்பி